ரோஸ் திரவமா, காற்றா? டிரெய்லர் கழிப்பறைக்குக் குளிர்காலக் காப்பு

ஒன்டாரியோவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நாள் விடுமுறையோடு பெரும்பாலானவர்களுக்கு முகாம் பருவம் முடிந்துவிடும். அதன்பின் வசந்தம் வரை டிரெய்லர் வெப்பமே இல்லாமல் வெளியில் நிற்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். இப்போதைய வண்டிகளில் இருக்கும் பெக்ஸ் குழாய் அந்த அழுத்தத்துக்கு ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். வெடிப்பது பிளாஸ்டிக் இணைப்புகளும் வால்வுகளும்தான். அவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தண்ணீர் வால்வு. அது விரிசல் விட்டால் வசந்தத்தில் தண்ணீரைத் திறக்கும்வரை தெரியாது. தெரியும்போது தரைப்பலகை ஊறத் தொடங்கியிருக்கும்.

தண்ணீரை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிக்குழாய் இணைக்கும் வாயில் ஒரு பித்தளை முனையைத் திருகி, கம்ப்ரசரால் காற்றடிப்பது. மற்றது, தண்ணீர் பம்புக்கு முன்னால் மூவழி வால்வும் சிறு குழாயும் கொண்ட கிட்டைப் பொருத்தி, ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸைக் குழாய்கள் முழுக்க இழுத்துவிடுவது. பெடல் மிதிக்கும் கழிப்பறை உள்ள ஒரு டிரெய்லரில் இரண்டையும் செய்து பார்த்தேன்.

காற்று வேகமானது. கம்ப்ரசரைச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்திக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்தால் போதும். இதைவிட அழுத்தம் கூடினால் இணைப்புகளே கழன்றுவிடக்கூடும். சமையல் சிங்க், ஷவர் எல்லாம் சட்டென்று காலியாகின. கழிப்பறைப் பெடலை மிதித்தபோது தண்ணீர் சீறி, திவலையாகி, பிறகு வெறும் காற்று வந்தது. முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பின்பக்க இணைப்பைக் கையால் தளர்த்தியதும் வால்வுக்குள்ளிருந்து ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் வடிந்தது. குறுகிய பிளாஸ்டிக் அறைக்குள் நிற்கும் அந்தத் தேக்கரண்டித் தண்ணீர் போதும், வால்வைப் பிளக்க. பம்பின் தலைப்பகுதியிலும் இப்படி நீர் தங்கும்.

கிட்டைப் பொருத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல வண்டிகளில் பம்ப் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மூலையிலோ இருக்கிறது. கை நுழைய இடம் இருக்காது. மரைகள் பிளாஸ்டிக் என்பதால் ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. நான் வாங்கிய கிட்டில் இழுகுழாய் தரையில் வைத்த கேனின் அடிவரை எட்டவில்லை. கூடுதல் குழாய் வாங்க வேண்டியிருந்தது. கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினால் எது திறக்கும் என்ற குறியும் இல்லை. ஒருமுறை பொருத்திவிட்டால் ஆண்டுதோறும் கைப்பிடியைத் திருப்பினால் போதும் என்பதால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பம்பை ஓடவிட்டுப் பெடலை மிதித்தேன். பல மாடல்களில் பாதி மிதித்தால் தண்ணீர் மட்டும் வரும். முழுக்க மிதித்தால்தான் அடிமூடி திறக்கும். முதலில் தெளிந்த நீர், பிறகு வெளிறிய ரோஸ், கடைசியில் ரோஸ் சர்பத் போல அடர்நிறம். அடர்நிறம் வரும்வரை காலை எடுக்காதீர்கள். வெளிறிய திரவம் என்றால் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது, உறைவைத் தாங்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் திரவத்தைத் தேங்க விடுங்கள். அடிமூடியின் ரப்பர் சீல் காய்ந்து சுருங்காது. கழிப்பறையோடு கைத்தெளிப்பான் இருந்தால் அதையும் அமுக்க வேண்டும். பலர் மறப்பது இதையும் வண்டிக்கு வெளியே உள்ள ஷவரையும்தான்.

இதற்கெல்லாம் முன்பு தண்ணீர் ஹீட்டர். மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அழுத்த வால்வைத் திறந்த பிறகே ஹீட்டரின் வடிகால் மூடியைக் கழற்றுங்கள். கொதிநீர் முகத்தில் பாயும் ஆபத்து உண்டு. காலியானதும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் 6 காலன் தொட்டியை நிரப்பவே 6 காலன் திரவம் வீணாகும். பைபாஸ் போட்டால் நடுத்தர டிரெய்லருக்கு இரண்டு, மூன்று காலன் போதும்.

கேன் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். ஃபாரன்ஹீட்டில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், அதில் தவறில்லை. புரொப்பிலீன் கிளைக்காலில் செய்ததையே எடுங்கள். எத்தனால் கலந்த மலிவு வகை எளிதில் தீப்பிடிக்கும், ரப்பரையும் உலர்த்தும். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிநீர்க் குழாயில் அது ஒரு துளிகூடப் போகக் கூடாது.

கழிவுத் தொட்டியை உரிய கழிவு நிலையத்தில் காலி செய்து, அலசி, கழிப்பறை வழியே கொஞ்சம் ரோஸ் திரவத்தை ஊற்றினால் வெளியேற்றும் வால்வு உறைந்து இறுகாது. சிங்க், ஷவர் ஆகியவற்றின் அடியில் வளைந்திருக்கும் குழாய்களுக்கும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். வசந்தத்தில் நுரை நிற்கும்வரை எல்லாக் குழாய்களையும் ஓடவிட வேண்டும். காற்று முறையில் இந்த வேலை இல்லை என்பது அதற்கு நிச்சயம் ஒரு சாதகம்.

கம்ப்ரசர் இருந்தால் முதலில் காற்று, பிறகு ரோஸ் திரவம் என்று இரண்டையும் செய்யுங்கள், திரவம் நீர்த்துப்போகாது. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் கிட்டையே வாங்குங்கள். கடும் குளிர் விழும் ஊரில் கழிப்பறை உள்ள வண்டியைக் காற்றை மட்டும் நம்பி நிறுத்த நான் சொல்லமாட்டேன். வேலையைப் பணிமனையில் கொடுத்தாலும் வண்டியை எடுக்கும்போது கழிப்பறைப் பெடலை நீங்களே ஒருமுறை மிதித்துப் பாருங்கள். அடர்ந்த ரோஸ் நிறம் வராவிட்டால் அங்கேயே மறுபடி செய்யச் சொல்லுங்கள்.