தூக்கம் யார் பட்டாவில்?

ஒருவர் தூங்குவதை அளந்து, குறித்துவைத்து, காலையில் அவருக்கே சொல்வதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரி வார்டில் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் நர்ஸம்மா செய்வதும் இதைத்தானே. ஆனால் 2015இல் அமெரிக்காவின் ஜாபோன் கம்பெனி, தன்னைப்போலவே மணிக்கட்டுப் பட்டை விற்கும் ஃபிட்பிட்டை அந்நாட்டுச் சர்வதேச வர்த்தக ஆணையத்துக்கு இழுத்தபோது, நீட்டிய காப்புரிமைகளில் இதுவும் இருந்தது. 2016 ஏப்ரலில் நீதிபதி அதை நிராகரித்தார். தூக்கத்தையும் உடல்நலத் தகவலையும் திரட்டிக் கவனிப்பது என்பது வெறும் அருவமான கருத்து, அதற்கு ஏகபோகம் கோர முடியாது என்றார். பதிலுக்கு ஃபிட்பிட் கொண்டுவந்த காப்புரிமைகளுக்கும் அதே ஜூலையில் அதே கதிதான்.

பொதுச்சொத்து தப்பித்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். தூங்கினவர் எங்கே? அவரை யாரு கூப்பிட்டா? நிலத்துக்காக இரண்டு பண்ணையார்கள் கோர்ட்டுக்குப் போனால், வயலில் நிற்பவரைச் சாட்சிக்குக்கூட அழைப்பதில்லை. இங்கும் அப்படியே. காப்புரிமையின் அகலத்தை வக்கீல்களின் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பட்டைக்குள் இருக்கும் உணர்கருவிக்கு மட்டும் உரிமை கேட்டிருந்தால் அது கருவி வியாபாரம். ‘கவனிப்பது’ என்பதையே வேலி போட்டு வளைக்கப் பார்த்தார்கள் என்றால், சரக்கு பட்டை இல்லை, கவனிப்புதான். கவனிப்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றார் நீதிபதி. கவனித்துச் சேர்த்ததைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2017இல் ஜாபோன் கலைந்தது. ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கி முடித்தது 2021 ஜனவரியில். சேர்த்துவைத்த இரவுகளும் கடையோடு கைமாறின. ஐரோப்பியப் பயனர்களின் உடல் தரவை 10 ஆண்டுகள் விளம்பரத்துக்குத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது. 10 ஆண்டுகள்!

இந்த இடத்தில் ஃபூக்கோவின் கோபுரச் சிறையை இழுத்து வருவது சிற்றிதழ் வழக்கம். ஆனால் அங்கே கைதி கோபுரத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. இங்கே வாங்குகிறார், ‘சம்மதம்’ என்ற பொத்தானையும் அமுக்குகிறார். அந்தரங்கம் பற்றிய நடுத்தர வர்க்கச் சொல்லாடல் முழுக்க இந்தப் பொத்தானைத்தான் சுற்றிவருகிறது.

பொத்தானே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். 2020 வாக்கில் சண்டிகரிலும் பக்கத்துப் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் ஏறிவிட்டது. அந்த ஏற்பாட்டின் பெயர் ‘மனிதத் திறன் கண்காணிப்பு முறைமை’. பெயரில் ஒளிவுமறைவே கிடையாது. கழிப்பறைக்குப் போகும்போதும் கேமரா பார்க்குமோ என்று அங்குள்ள பெண்கள் பயந்தார்கள். சண்டிகரில் போராடினார்கள். வேலை நேரத்தில் அதிகாரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று எந்தக் கடிகாரமும் காட்டுவதில்லை. யார் உடலைப் பின்தொடரலாம் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது.

இந்தத் தொழிலாளர்களின் விஷயத்தில் காப்புரிமைச் சண்டை யாருக்கும் தேவைப்படவில்லை. டெண்டர் போதுமானதாக இருந்தது. சட்டமும் கை கொடுக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7ஆம் பிரிவில், வேலை தொடர்பான காரியங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவர் தரவைக் கையாள இடம் தருகிறது. அந்தரங்க உரிமைக்காக எழுதுகிற நண்பர்கள் செல்போன் செயலிகளை விட்டுவிட்டு அந்தப் பிரிவிலிருந்து ஆரம்பிக்கட்டும்.