‘அஸபிய்யா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அரபுச் சொற்களைத் தமிழில் பெயர்க்கும்போது நம் எழுத்தாளர்கள் மிக எளிதாகக் கடந்துபோகும் சொற்களுள் ஒன்று ‘அஸபிய்யா’. நபிமொழி விளக்கங்களில் அது பெரும்பாலும் ‘இனவெறி’ ஆகிறது. இப்னு கல்தூனைப் பற்றிய கட்டுரைகளிலோ ‘குழு உணர்வு’ என மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே சொல்தான் என்பதை அறியத் தமிழ் வாசகருக்கு வழியில்லை. இதனால் ஒரு கருத்தே இரண்டாகத் துண்டுபடுகிறது.

இச்சொல்லின் வேருக்குக் கட்டுதல், இறுகச் சுற்றுதல் என்பது பொருள். தலைக்கட்டும் காயக்கட்டும் ‘இஸாபா’ எனப்படும். வாரிசுரிமைச் சட்டத்தில் தந்தைவழி உறவினர் ‘அஸபா’ ஆவர். பிணைந்து நிற்கும் கூட்டம் ‘உஸ்பா’. திருக்குர்ஆனில் இச்சொல் நான்கு இடங்களில் வருகிறது. நபி யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தங்களைப் பெருமிதத்தோடு இவ்வாறே இருமுறை குறிப்பிடுகின்றனர் (12:8, 12:14). தம்பியைக் கிணற்றில் இட்டவர்களும் அவர்களே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு சுமத்தியோரையும் இதே சொல் சுட்டுகிறது (24:11). அக்கூட்டம் உங்களைச் சேர்ந்ததுதான் என்பதையும் வசனம் சேர்த்தே சொல்கிறது.

பழைய அரபியில் வெளியே நிறுத்தப்பட்டவனுக்குப் பெயர்கள் பல. குலம் கைவிட்டவன் ‘கலீஉ’. வேற்றுக் குலத்தில் ஒட்டிக்கொண்டவன் ‘ஸனீம்’. விலக்கிய குலத்துக்கோ புகழுரைகளே மிகுதி. அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ள ஓர் அறிவிப்பு இந்த வழக்கைத் தலைகீழாக்குகிறது. அஸபிய்யா என்றால் என்ன என்று வினவப்பட்டபோது, தன் கூட்டத்தார் புரியும் அநீதிக்குத் துணைநிற்பதே அது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இங்கே இழிபெயர் விலக்கப்பட்டவனுக்கு அன்று. கூட்டத்தாரின் செயலுக்கே உரியது.

1377-இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இக்கண்டனத்தை அறிந்தே, அஸபிய்யா இன்றி ஆட்சி எழாது என்றார். அசத்தியத்திற்குத் துணையாகும் பிணைப்பே கண்டிக்கப்பட்டது என்பது அவர் விளக்கம். அப்பிணைப்பு இரத்த உறவால் மட்டும் அமைவதன்று. உடன்படிக்கையாலும், அடைக்கலம் தந்த குலத்தோடு கொள்ளும் ‘வலாஉ’ உறவாலும் அமையும். வமிசாவளியே பெரிதும் கற்பிதம், அதன் பயன் பிணைப்பில்தான் உள்ளது என்னும் அளவிற்கு அவர் சென்றார். எனவே அயலானுக்கும் அதில் இடமுண்டு. ‘இனவெறி’ என்ற சொல் இப்பொருளைத் தாங்காது. ‘குழு உணர்வு’ என்பதில் நபிமொழியின் கண்டிப்பு இல்லை.

தமிழில் இதற்கு ஈடான சொல் ‘கட்டு’. காயத்திற்கும் கட்டு உண்டு. ஊர்க்கட்டுப்பாட்டிலும் கட்டு உண்டு. அஸபிய்யாவை ‘இனக்கட்டு’ என்று பெயர்த்து, கண்டிக்கப்படும் இடத்திலும் போற்றப்படும் இடத்திலும் அதையே ஆளலாம்.

இதை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ‘இனவெறி’ என்றதும் அது பிறரைப் பிடித்த நோய் என்றே நாம் எண்ணுகிறோம். ஒரு குடும்பத்தை ஊர்விலக்குச் செய்யும் மஹல்லாவோ, மூன்று தலைமுறையாக வாழ்வோரையும் வெளியூரார் என்று கூறிப் பெண் கொடுக்க மறுப்போரோ தம்மை இனவெறியர் எனக் கருதுவதில்லை. அவர்கள் அதனை ஒற்றுமை என்பர், கட்டுப்பாடு என்பர். அதனால் மிம்பரில் அந்த நபிமொழி ஓதப்படும்போது அது எவரையும் தொடுவதில்லை. ‘இனக்கட்டு’ என்று பெயர்த்து ஓதினால், கேட்பவர் தம் ஊர்க்கட்டையும் அதனுள் சேர்த்து எண்ணிப் பார்க்க நேரும்.