எதிரி அழுகிறான்: எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தை எப்படி வாசிப்பது?

கிரேக்கம் என்றால் சுதந்திரம், பாரசீகம் என்றால் அடிமைத்தனம். நாகரிகங்கள் பற்றிய கட்டுரைகளில் நம் மாணவர்கள் சளைக்காமல் எழுதும் வாக்கியம் இது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால், “கிரேக்கர்களே அப்படித்தானே ஐயா எழுதியிருக்காங்க” என்று பதில் வரும். பதில் தப்பில்லை. ஆனால் எழுதியவர் யார், யார் முன்னிலையில், எந்த இலக்கிய வடிவத்தில் எழுதினார் என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் சான்று சான்றாகும். அதற்கு நல்ல பயிற்சி எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’.

முழுமையாகக் கிடைத்துள்ள கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது இதுதான் என்பது பொதுவான கருத்து. கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு பெற்றது. செலவை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான இளம் பெரிக்ளிஸ். அதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன், கி.மு. 480-இல், பாரசீகப் பேரரசன் செர்க்சஸின் படை ஏதென்ஸுக்குள் நுழைந்து அக்ரோபொலிஸ் குன்றின் கோயில்களைக் கொளுத்தியது. அதே ஆண்டில் சாலமிஸ் கடற்போரில் அவனுடைய கப்பற்படை நொறுங்கியது. எஸ்கிலஸ் மாரத்தானில் போரிட்டவர். அங்கே தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். நாடகம் பார்க்க வந்தவர்கள் எரிந்த அந்தக் குன்றின் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவர் என்ன காட்டினார்? வெற்றி ஊர்வலத்தையா? இல்லை. பாரசீகத் தலைநகர் சூசாவில், தோல்விச் செய்தி கேட்டு ஒப்பாரி வைக்கும் முதியவர்களை.

ஏதென்ஸ் மேடையில் அழுகை லேசான விஷயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஃபிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர், பாரசீகரிடம் மிலேட்டஸ் நகரம் வீழ்ந்த கதையை மேடையேற்றினார். அரங்கமே கண்ணீர் விட்டது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம் விதித்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தம் இனத்தார் துயரத்தை மேடையில் பார்க்கத் தாங்காத அதே ஊருக்கு எதிரியின் துயரத்தைக் காட்டி முதல் பரிசு வாங்கியவர் எஸ்கிலஸ்.

நாடகத்தில் ஒரு கிரேக்க வீரனின் பெயர்கூட இல்லை. பாரசீகரை ஏமாற்றிப் போருக்கு இழுக்கத் தெமிஸ்டோக்ளிஸ் அனுப்பிய தூதன்கூட வெறும் ‘ஒரு கிரேக்கன்’தான். ஆனால் மாண்ட பாரசீகத் தளபதிகளின் பெயர்கள் நீளமாக வரிசைகட்டி வருகின்றன. போர் நினைவுச் சின்னத்தில் நம்மவர் பெயரைத்தானே பொறிப்போம்? இங்கே எதிரியின் பெயர்கள். இன்னொன்று, செர்க்சஸின் தாய் காணும் கனவு. ஒரே தேரில் பூட்டப்பட்ட இரு பெண்கள், ஒருத்தி பாரசீக உடையில், மற்றவள் கிரேக்க உடையில். இருவரும் ஒரே குலத்துச் சகோதரிகள் என்கிறாள் அவள். வென்றவன் தோற்றவனைத் தன் இரத்த உறவாக எழுதியிருக்கிறான். மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

அதற்காக இதை மனிதநேய நாடகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. எட்வர்ட் சையத் 1978-இல் வெளிவந்த ‘ஓரியண்டலிசம்’ நூலில், ஆசியாவின் வாயில் ஐரோப்பா தன் வசனத்தைத் திணித்ததற்கு ஆரம்பகால உதாரணமாக இந்த நாடகத்தைச் சுட்டுகிறார். பாதி உண்மைதான். பொன், ஆடை கிழித்து அழும் ஆண்கள் எல்லாம் கிரேக்கக் கற்பனையின் ஆசியா. வரலாறும் வளைக்கப்பட்டிருக்கிறது. கல்லறையிலிருந்து எழும் முந்தைய மன்னன் டேரியஸின் ஆவி, கடலுக்குப் பாலம் கட்டிய மகனின் ஆணவத்தைக் கண்டிக்கிறது. அந்த டேரியஸே பாஸ்பரஸ் நீரிணையில் பாலம் கட்டிப் படை நடத்தியவன். மாரத்தானில் தோற்றதும் அவன் அனுப்பிய படைதான். தந்தையை ஞானியாக்கினால்தான் மகனின் வீழ்ச்சி சோகமாகும் என்று எஸ்கிலஸ் கணக்குப் போட்டிருக்கிறார். நாடகத்துக்கு அது சரி, வரலாற்றுத் தாளுக்குச் சரியில்லை. ஆனால் சையத்தின் வாசிப்பு அந்தச் சகோதரிகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் குறை.

இதே மன்னனை, இதே சூசா நகரில், இன்னொரு மக்களும் பார்த்திருக்கிறார்கள். தமிழ் விவிலியத்தில் எஸ்தர் புத்தகத்தைத் திறந்தால் ‘சூசான்’ அரண்மனையில் இருக்கும் ‘அகாஸ்வேரு’ அவன்தான் என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆள்பவன், 180 நாள் விருந்து வைப்பவன். மனைவி வஸ்தி வர மறுத்ததும் சட்ட அறிஞர்களைக் கூட்டி, வீட்டுக்கு வீடு ஆண்தான் தலைவன் என்று பேரரசு முழுக்கக் கடிதம் அனுப்புகிறான். சிரிப்பு வருகிறதா? வரத்தான் வேண்டும். அடுத்து ஆமான் வந்து ‘ஒரு மக்கள்கூட்டத்தை’ அழிக்க அனுமதி கேட்கிறான். எந்தக் கூட்டம் என்றுகூடக் கேட்காமல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான் மன்னன். இங்கே சிரிப்பு நின்றுபோகிறது. கிரேக்கனுக்குப் பாரசீகம் வெளியிலிருந்து படையெடுத்த எதிரி. யூதனுக்கோ அவன் குடியிருக்கும் அரசு. ஆகவே அவனுடைய பயமும் வேறு: மன்னனின் கொடுமையைவிட அவனுடைய கவனமின்மை. அதே யூத மரபில்தான், பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னன் கோரேசுவை ஏசாயா நூல் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்கிறது. ஆகவே ‘யூதர்கள் பாரசீகரை எப்படிப் பார்த்தார்கள்’ என்ற கேள்விக்கு ஒற்றை வரி விடை கிடையாது.

பாரசீகர் தாங்களே என்ன சொன்னார்கள்? அவர்கள் நாடகம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை கல்வெட்டுகளும், பெர்செபொலிஸ் நகரில் எடுத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளும். பலகைகளில் இருப்பது தானியக் கணக்கு, பயணப்படி, பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்குக் கூடுதல் படி. டேரியஸ் காலத்து அலுவலக வேலை அவ்வளவுதான். செர்க்சஸின் கல்வெட்டுகளில் சாலமிஸ் பற்றி ஒரு சொல் இல்லை. மாறாக, கடலுக்கு அப்பால் வாழும் ‘யவனர்’ தன் குடிகள் என்கிறான். பழைய பாரசீகத்தின் ‘யவுன’, எபிரேயத்தின் ‘யாவான்’, நம் சங்கப் பாடல்களின் ‘யவனர்’ மூன்றும் அயோனியா என்ற ஒரே பெயரிலிருந்து கிளைத்தவை. வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பாரசீகர்கள்’ நாடகத்தை மேற்கோள் காட்டுங்கள், தாராளமாக. ஆனால் “பாரசீகர் இப்படி இருந்தனர்” என்று எழுதாமல், “பாரசீகர் இப்படி இருந்ததாகக் கி.மு. 472-இன் ஏதென்ஸ் மேடை காட்டியது” என்று எழுதுங்கள். பக்கத்தில் எஸ்தரையும் ஒரு களிமண் பலகையையும் வைத்தால் விடைத்தாளுக்குக் கனம் கூடும். நாடகத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் கடைசிக் காட்சியையாவது படியுங்கள். செர்க்சஸ் தனியாக, கந்தல் உடையில் வருகிறான். முதியவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அவன் எங்கே, இவன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அழுகையைத் தவிர மன்னனிடம் பதில் இல்லை.