தூணுக்கும் தூணுக்கும் நடுவே

மத்திய தரைக்கடல் ஓரத்து ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே உவமைதான் கிடைக்கிறது. அடுக்கு. கீழே கிரேக்கம், அதன்மேல் ரோம், அதன்மேல் பைசாந்தியம், அரபு, நார்மன், ஸ்பெயின். பயணக்கட்டுரையிலும் இதுதான், சுற்றுலாக் கையேட்டிலும் இதுதான், முப்பது விநாடி ரீல்ஸிலும் இதுதான். கடைசியில் காலம் உறைந்து நிற்பதாக ஒரு பெருமூச்சு. எனக்கு இந்த உவமைமேல் ரொம்ப நாளாகவே சந்தேகம். அடுக்கு என்றால் ஒன்றின்மேல் ஒன்று பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், டிபன் கேரியர் மாதிரி. அந்த ஊர்களின் பழைய தேவாலயங்களில் எதுவும் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்று இன்னொன்றை வெட்டியிருக்கிறது, அடைத்திருக்கிறது, திருப்பிப் போட்டிருக்கிறது. எங்கே வெட்டினார்கள், எதை அடைத்தார்கள் என்று பார்க்காமல் ‘ஆஹா, எத்தனை நாகரிகங்கள்!’ என்று வியப்பது சோம்பேறித்தனம் என்றுதான் நினைக்கிறேன்.

சிராகூசாவையே எடுத்துக்கொள்வோம். சிசிலியின் தென்கிழக்குக் கரை. பழைய ஊர் ஓர்த்தீஜியா என்ற சின்னத் தீவில் இருக்கிறது. பேராலயத்தின் முன்னால் நின்றால் கண்ணில் படுவது அசல் பரோக்: சுழலும் வளைவுகள், தூண்கள், புனிதர்களின் சிலைகள். 1693 ஜனவரியில் வந்த நிலநடுக்கம் தென்கிழக்கு சிசிலி முழுவதையும் புரட்டிப்போட்ட பிறகு, ஆந்திரேயா பால்மா வரைந்து 1728இலிருந்து 1753 வரை எழுப்பிய முகப்பு இது. எல்லோரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகுதான். ஆனால் அப்படியே இடதுபக்கமாக வந்து வியா மினெர்வா என்ற தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். (மினெர்வா என்பது அதீனாவுக்கு ரோமானியர் வைத்த பெயர். தேவியை வெளியே அனுப்பிவிட்டார்கள். தெருப்பெயரில் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.) அங்கே பக்கச்சுவரில் பருத்த டோரிக் தூண்கள் வரிசையாகத் தெரியும். சுவரோடு சாய்த்து வைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள், அவை சுவருக்குள்ளேயே பதிந்திருக்கின்றன.

கி.மு. 480இல் ஹிமேராவில் கார்த்தேஜ் படையை வென்ற கெலோன், அந்த வெற்றிக்குப் பிறகு எழுப்பிய அதீனா கோயில் அது. குறுக்கே 6 தூண், நெடுக்கே 14 தூண். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆயர் சோசிமுஸ் காலத்தில் அது தேவாலயமானது. எப்படி ஆனது என்பதுதான் விஷயமே.

கிரேக்கக் கோயிலில் கூட்டத்துக்கு உள்ளே வேலை இல்லை. பலிபீடம் வெளியே, வெட்டவெளியில். ஜனங்கள் அங்கேதான் நிற்பார்கள். உள்ளே இருக்கும் நீண்ட அறை தேவிக்கு. அதைச் சுற்றி நாலு பக்கமும் திறந்த தூண்வரிசை. கோயிலின் அழகெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான். கிறிஸ்தவ வழிபாட்டுக்கு இது அப்படியே தலைகீழ். சபை உள்ளே கூட வேண்டும். அப்போ என்ன செய்வது? தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளிகளைக் கல் வைத்து அடைத்தார்கள். அது வெளிச்சுவர் ஆயிற்று. தேவியின் அறைக்கு இருந்த இரண்டு பக்கச்சுவர்களிலும் பக்கத்துக்கு எட்டாக வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். அந்த அறை நடுக்கூடமாயிற்று, சுற்றுப்பிராகாரம் மாதிரி இருந்த நடை, பக்கக்கூடமாயிற்று. திறந்திருந்ததை மூடினார்கள், மூடியிருந்ததைத் திறந்தார்கள். அதோடு விடவில்லை. கோயிலின் வாசல் கிழக்கே இருந்தது. தேவாலயத்துக்குப் பீடம் கிழக்கே வேண்டும், ஆகவே வாசல் மேற்குக்குப் போயிற்று. சட்டையை உள்வெளியாகத் திருப்பி, முன்பின்னாகவும் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி.

இதைச் செய்த கொத்தன்மாரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒரு முழுக் கோயிலை இடிக்காமல், சில சுவர் வைத்து, சில துளை போட்டு, அதன் அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள். கவிதையில் ஒரு வரியைத் தொடாமல் நிறுத்தற்குறிகளை மட்டும் மாற்றுகிற வேலை. சும்மா சொல்லக்கூடாது, அபாரமான வேலைதான். ஆனால் இதை ‘மத நல்லிணக்கம்’ என்று எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இணக்கம் என்றால் இரண்டு பேர் வேண்டும். இங்கே ஒருவர்தான் இருக்கிறார்; இன்னொருவரின் எலும்பு சுவருக்குள் இருக்கிறது. 878இல் அரபுப் படை ஊரைப் பிடித்தபின் இதே கட்டடம் மசூதியாகவும் இருந்தது என்கிறார்கள். அப்புறம் நார்மன்கள் வந்தார்கள், திரும்பவும் தேவாலயம். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

இந்தக் கோயிலைப் பற்றிய பழைய சாட்சியங்களில் முக்கியமானது ஒரு வழக்கறிஞரின் குற்றப்பத்திரிகை என்பது எனக்குப் பிடித்த விஷயம். சிசிலியின் ஆளுநராக இருந்து கொள்ளையடித்த வெர்ரெஸ்மீது கி.மு. 70இல் சிசெரோ வழக்காடினார். அதில் இந்தக் கோயில் வருகிறது: தங்கமும் தந்தமும் இழைத்த கதவுகள், அகாதோக்ளெஸ் அரசனின் குதிரைப்படைப் போரைத் தீட்டிய ஓவியப் பலகைகள். எல்லாவற்றையும் வெர்ரெஸ் உரித்து எடுத்தான். சிசெரோவின் வாதம் கூர்மையானது. போரில் ஊரைப் பிடித்த மார்செல்லுஸ் இந்த ஓவியங்களைத் தொடவில்லை. அமைதிக்காலத்தில் வந்த அதிகாரி சுவரை மொட்டையாக்கினான். எதிரி விட்டுவைத்ததை நிர்வாகி எடுத்துக்கொண்டுபோன கதை. அடுக்குகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த வெர்ரெஸ் அடுக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவன் எதையும் கட்டவில்லை. எடுத்ததும் ஓர் அடுக்குதானே?

எடுத்தது என்றதும் இன்னொன்று. இன்று பேராலயத்துக்குள் போனால் வெறும் கல்லாக, இறுக்கமாக, கம்பீரமாக இருக்கிறது. ‘ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் மௌனம்’ என்று யாருக்கும் எழுதத் தோன்றும். அந்த மௌனத்துக்கு நூறு வயதுதான். உள்ளே நடுக்கூடச் சுவர்களில் இருந்த பரோக் அலங்காரத்தை 1920களில் உரித்து எடுத்தார்கள், அடியில் இருந்த கிரேக்கக் கல் தெரியட்டும் என்று. வெளியே பரோக் வேண்டும், உள்ளே வேண்டாம். இதில் மதம் எதுவும் இல்லை, ரசனைதான் இருக்கிறது. ‘பழையதே அசல், பின்னால் வந்ததெல்லாம் அழுக்கு’ என்ற ரசனை. அந்த ரசனை முழுமூச்சாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே தீவில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. பாலம் தாண்டியதும் வரும் அப்பொல்லோ கோயில். அதுவும் தேவாலயமாக, மசூதியாக, திரும்பத் தேவாலயமாக, கடைசியில் ஸ்பானியர்களின் படைமுகாமாக வாழ்ந்த கட்டடம். பின்னால் வந்தவற்றை அகழ்வாய்வாளர்கள் நீக்கினார்கள். இப்போது அசல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதாவது கம்பிவேலிக்குள் சில தூண்கள், ஒரு துண்டுச் சுவர், புல்.

மேற்கே பார்சிலோனாவுக்குப் போகலாம். சாந்தா மரியா டெல் மார், கடலின் மரியா. 1329இல் தொடங்கி 1383இல் முடித்துவிட்டார்கள். பெரிய கோதிக் ஆலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் 54 வருடம் என்பது வேகம். அரசன் கட்டியதில்லை, ஆயர் கட்டியதுமில்லை. துறைமுகத்தை ஒட்டிய ரிபேரா பகுதியின் வியாபாரிகள், மாலுமிகள், மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து கட்டியது. அந்த மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கத்தலான் மொழியில் பஸ்தாய்ஷுகள் என்று பெயர். மொஞ்சுயிக் குன்றிலிருந்து கல்லை முதுகில் சுமந்து வந்தார்கள், கூலி வாங்காமல். முன்கதவில் வெண்கலத்தில் இரண்டு சின்ன உருவங்கள், முதுகு வளைந்து சுமையோடு நிற்கின்றன. தேடினால்தான் கிடைக்கும்.

இதை வைத்து இல்தெஃபோன்சோ ஃபால்கோனெஸ் 2006இல் ‘கடலின் பேராலயம்’ என்று ஒரு நாவல் எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது, 2018இல் தொடராகவும் வந்து நெட்ஃப்ளிக்ஸில் ஓடியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முதலில் தலைப்பே தப்பு. பேராலயம் என்றால் ஆயரின் இருக்கை இருக்க வேண்டும். அது ஊருக்குள் வேறு ஆலயத்தில் இருக்கிறது. சரி, அது சில்லறைக் குறை. என் பிரச்சினை வேறு. கதாநாயகன் அர்னாவ் பண்ணையடிமையின் மகன், சிறுவயதில் பஸ்தாய்ஷ் ஆகிறான், கல் சுமக்கிறான். அந்தப் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. கல்லின் கனம் வாசிக்கிறவனின் கழுத்தில் இறங்குகிறது. ஆனால் நாவலுக்கு அவன் சுமைகூலியாகவே இருந்தால் போதவில்லை. பணமாற்று வணிகனாகி, பணக்காரனாகி, பிரபுவாகவும் ஆகிவிடுகிறான். நம்ம ஊர் சினிமாவில் ஒரே பாட்டில் பணக்காரர் ஆவதுபோல. கதவில் இருக்கும் அந்த இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை. கல்லோடேயே நிற்கிறார்கள். அவர்களை வைத்து அறுநூறு பக்கம் எழுத முடியாது என்று நாவல் முடிவு செய்துவிட்டது. அந்த முடிவைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

உள்ளே போனால் எண்முகத் தூண்கள் ஒன்றுக்கொன்று வெகு தள்ளி நிற்கின்றன. கோதிக்கில் இவ்வளவு இடைவெளி அபூர்வம். மூன்று கூடங்கள் என்றே தோன்றாது, ஒரே பெரிய காற்று. கட்டடக்கலை மாணவர்கள் இந்த வெறுமையைக் கொண்டாடுகிறார்கள்: மினிமலிசம், தூய்மை, வடிவத்தின் நேர்மை. நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த வெறுமையைக் கட்டியவர்கள் பஸ்தாய்ஷுகள் மட்டும் இல்லை. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பார்சிலோனாவில் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். சாந்தா மரியா 11 நாள் எரிந்தது. பரோக் பீடம், நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த மரவேலை, ஓவியங்கள், பத்திரங்கள் எல்லாம் போயின. கல் நின்றது. திருச்சபை முதலாளிகள் பக்கமும் ராணுவத்தின் பக்கமும் நிற்கிறது என்ற கோபம் அந்த நகரத்தின் உழைக்கும் மக்களிடம் தலைமுறைகளாகக் கனன்றுகொண்டிருந்தது. ஆக, சுமைகூலிகள் கூலி வாங்காமல் சுமந்து எழுப்பிய ஆலயம், உழைப்பவர்களின் பெயரால் கொளுத்தப்பட்டது. நாம் இன்று நின்று ரசிக்கும் ‘தூய்மை’யில் அந்தத் தீக்கும் பங்கு உண்டு. சிராகூசாவில் நிபுணர்கள் திட்டம் போட்டுச் செய்ததை இங்கே கோபம் பதினோரு நாளில் செய்துமுடித்தது. விளைவு மட்டும் விசித்திரமாக ஒன்றுபோல இருக்கிறது. சாம்பலைக் கூட்டியபின் மிஞ்சியதை அழகியல் என்று அழைக்கிறோம். நான் அந்த அழகை மறுக்கவில்லை. அதைப் பார்க்கும்போது எரிந்த மரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

இடையில் ஸ்ப்ளிட் நகரத்தைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அத்ரியாத்திக் கரையில் பேரரசன் தியோக்ளேத்தியான் தனக்குக் கட்டிக்கொண்ட அரண்மனை, அதற்குள் தனக்கே ஒரு சமாதி மண்டபம், எண்முகக் கட்டடம். கிறிஸ்தவர்களை வேட்டையாட 303இல் ஆணை போட்டவன். அந்த வேட்டையில் 304இல் பக்கத்து ஊரான சலோனாவில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸ். இன்று அந்தச் சமாதி தோம்னியுஸின் பேராலயம். பேரரசனின் கல்பெட்டி காணாமல் போய்விட்டது. கொன்றவனின் கல்லறையில் கொல்லப்பட்டவர் குடியிருக்கிறார். வரலாறு இவ்வளவு பச்சையாகக் கதை எழுதினால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும் ‘ரொம்ப வலிந்து எழுதியிருக்கீங்க’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பழிவாங்கலும் நீதியும் இங்கே கலந்தே இருப்பதால் நமக்கு இது இனிக்கிறது. ஜெயித்தவர் முன்னாளில் அடிபட்டவர் என்பதால் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. அதே காட்சியை வேறு கை செய்திருந்தால்? சைப்ரஸின் கிழக்குக் கரையில் ஃபமகுஸ்தா இருக்கிறது. லூசினியான் வம்சத்து அரசர்கள் 14ஆம் நூற்றாண்டில் அங்கே மாலுமிகளின் காவலரான புனித நிக்கோலாஸுக்கு ஒரு பேராலயம் எழுப்பினார்கள். பிரான்சின் கோதிக்கைப் பெயர்த்துக் கொண்டுவந்து வெயிலில் வைத்த மாதிரி இருக்கும். சைப்ரஸுக்கு முடிசூட்டிக்கொண்டவர்கள் இங்கே வந்து, கையைவிட்டுப் போய்விட்ட ஜெருசலேமுக்கும் முடிசூட்டிக்கொண்டார்கள். 1571இல் ஒட்டோமான் படை நீண்ட முற்றுகைக்குப்பின் ஊரைப் பிடித்தது. சிலைகள் போயின, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், ஒரு மினார் எழுந்தது. இன்று அது லாலா முஸ்தஃபா பாஷா மசூதி, முற்றுகையை நடத்திய தளபதியின் பெயரில்.

சிராகூசாவை ‘அடுக்குகளின் அழகு’ என்று எழுதிய அதே பேனா, ஃபமகுஸ்தாவுக்கு வந்ததும் ‘பறிக்கப்பட்ட ஆலயம்’ என்று எழுதுவதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். எதிர்ப்பக்கப் பேனாக்கள் இதையே திருப்பிப் போட்டு எழுதுகின்றன. இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே வேலைதான். சொல்லப்போனால் ஃபமகுஸ்தாவில் கல்லைக் குறைவாகத்தான் தொட்டிருக்கிறார்கள். பறித்ததைப் பறித்தது என்றே சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வார்த்தை அதீனாவின் சுவருக்கு முன்னாலும் வாயில் வர வேண்டும். அங்கே வராத வார்த்தையை இங்கே மட்டும் எடுத்து வீசினால் அதற்குப் பெயர் விமர்சனம் இல்லை, கட்சி.

ஃபமகுஸ்தாவின் நடுக்கூடம் எல்லா கோதிக் ஆலயங்களையும் போலக் கிழக்கே ஓடுகிறது. தூண்கள், வளைவுகள், கூரையின் விலா எல்லாம் கண்ணை அந்தப் பக்கமே இழுக்கின்றன. மெக்கா இருப்பதோ தெற்கே, சற்றே கிழக்காகச் சாய்ந்து. தொழுகிறவர்கள் கட்டடம் காட்டுகிற திசைக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, தெற்கே திரும்பி நிற்கிறார்கள்.