கம்பியில் போகும் செய்தி

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் தென்காசி வரை தூறும். அப்போது நனைந்து நிற்கும் உயர் அழுத்தக் கம்பிகள் மின்சாரத்தோடு செய்தியையும் சுமக்கக்கூடியவை. கம்பியின் முனையில் உருளையாகத் தொங்கும் ‘வேவ் டிராப்’ சுருள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் போகவிட்டு, பல்லாயிரம் ஹெர்ட்ஸ் செய்தி அலையை மறிக்கிறது. கப்பாசிட்டர் அந்த அலையைச் செய்திக் கருவிக்கு இறக்கித் தருகிறது.

வழியில் அலை தேயும். அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். கீழே உள்ள மண் உறிஞ்சும். நனைந்த இன்சுலேட்டர் கசியவிடும். 3 டெசிபல் இழந்தால் திறன் பாதி. மண்ணின் பங்கை 1926-இல் பொறியாளர் ஜான் கார்சன் சமன்பாடுகளாக்கினார். இழப்புக் கணிப்புக்கு இன்றும் அவை அடிப்படை. மின்னல் தாக்கினால் மின் துண்டிப்புக் கட்டளை இந்த அலை வழியே மறுமுனைக்கு நொடியின் சிறு பகுதிக்குள் சேர வேண்டும். மண்ணையும் மழையையும் மதித்துக் கணக்கிடும் இந்தப் பொறியியல் பெரும் அழகு.