அதிதி பந்த்: "முதல் பெண்" என்று சொல்லி முடித்துவிடலாமா?

அதிதி பந்த் பற்றி நான் பார்த்த தமிழ்க் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. 1983 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய மூன்றாவது இந்திய அண்டார்க்டிகா பயணக்குழு. அதில் போன அவரும் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் அந்தக் கண்டத்தில் கால் வைத்த முதல் இந்தியப் பெண்கள். அப்புறம் விருது. முடிஞ்சுது.

அங்க போய் என்ன செஞ்சார்? அது தெரியாது. ஒருத்தர் பாறையைப் படிக்கப் போனவர், இன்னொருத்தர் தண்ணீரைப் படிக்கப் போனவர். ரெண்டு பேரையும் "இரு வீரப் பெண்கள்"னு ஒரே வரியில் அடைச்சா எப்படி?

முதல் என்பது சும்மா இல்லைதான். பிரிட்டனின் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனமே 1983 வாக்கில்தான் பெண் விஞ்ஞானியை அங்கே களத்துக்கு விட்டது. ஆனால் அதோடு நின்றால் வேலை மறைந்துபோகிறது.

கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் வெயிலை எவ்வளவு உணவாக்குகின்றன, அந்தக் கார்பன் யார் வயிற்றுக்குப் போகிறது என்பதுதான் அவர் துறை. ஹவாயில் முதுகலை, லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் முனைவர் பட்டம். கோவா தேசிய கடலியல் நிறுவனத்தில் சேர்ந்து, வெராவலிலிருந்து கன்னியாகுமரி வழியாக மன்னார் வளைகுடா வரை கரையோரமா அலைந்திருக்கிறார். நம்ம கடலுக்கே வந்தவர்! தமிழில் எழுதுறவங்க இதையாவது சொல்லியிருக்கலாம்.

அண்டார்க்டிகாவில் கோடையில் சூரியன் மறையாது, குளிர்காலத்தில் தலைகாட்டாது. கிடைக்கிற வெளிச்சத்துக்குள்ள பாசி பெருகணும். அதைத் தின்னும் கிரில், பார்க்க இறால் மாதிரி இருக்கும். கிரிலைத் தின்பவை பெங்குயின், சீல், திமிங்கலம். ஆக, அங்கே பாசியை அளப்பது திமிங்கலத்தின் சோத்துப்பானையை எட்டிப் பார்க்கிற மாதிரி.

செந்துறைக்காரங்களுக்கு இது புரியும். இங்கிருந்து சிமெண்ட் ஆலைக்கு லாரி லாரியா போற சுண்ணாம்புக் கல், பழைய கடல் உயிர்கள் விட்டுப்போன ஓடு. இந்தப் பக்கத்துக் கல்லில் பாசியின் புதைபடிவங்களும் உண்டு. ஆனா ஊரே பேசினது 2009ல் கிடைத்த டைனோசர் முட்டையை. பெருசா இருக்கணும், இல்லேன்னா முதலா இருக்கணும். பாசியை யார் கேட்டா?

அதிதி பந்த் தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறார். இந்தியப் பெண் விஞ்ஞானிகள் பற்றி 2008ல் வந்த 'லீலாவதீஸ் டாட்டர்ஸ்' தொகுப்பில் இருக்கு. அவரைக் கடலுக்கு இழுத்தது அண்டார்க்டிகா இல்லை. மிதவை உயிர்களைப் பற்றி அலிஸ்டர் ஹார்டி எழுதிய 'தி ஓப்பன் சீ' என்ற புத்தகம். அடுத்து எழுதுறவங்க அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.