தீவகத்து இடுப்புக்குச் சென்னைதான் மருந்தா?

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு முதியவர் கிணற்றடியில் வழுக்கித் தொடை எலும்பின் கழுத்தை முறித்துக்கொண்டாலும் சரி, மூட்டுத் தேய்ந்து வருடக்கணக்காக நொண்டினாலும் சரி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது "சென்னைக்குக் கொண்டுபோவமா?" என்பதுதான். கூடவே வருவது இன்னும் சுடும் பேச்சு: "இங்கை போடுறது மட்டமான சாமான், இந்தியாவிலைதான் நல்லது போடுவினம்." 2019 நவம்பரில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறத் தொடங்கியபின் இந்த நம்பிக்கைக்குச் சிறகும் முளைத்துவிட்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் என்புமுறிவு விடுதியில் கால் ஊன்றி நடந்து வீடு திரும்பியவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. பக்கத்து வளவில் இருப்பவர் சென்னைக்குப் போய்வந்தால் மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

சாமானையே முதலில் பார்ப்போம். செயற்கை இடுப்பு என்பது தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் உச்சியில் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், அவ்வளவே. 1962இல் இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி உலோகத் தலையைப் பொலிஎதிலீன் கிண்ணத்துக்குள் உருளவிட்டு, இரண்டையும் சீமெந்தால் எலும்போடு பிடித்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. கிண்ணம் தேய்ந்து உதிரும் துகள்களை அகற்ற வரும் உடற்கலங்கள் பக்கத்து எலும்பையும் கரைத்துவிடுவதே பழைய மூட்டுக்கள் தளர்ந்ததற்குப் பெருங்காரணம். 1990களின் கடைசியில் கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட பொலிஎதிலீன் புழக்கத்துக்கு வந்ததும் அந்தத் தேய்வு வெகுவாகக் குறைந்தது. செரமிக் இன்னும் குறைவாகத் தேயும். விலை கூட, அபூர்வமாக உடையும், சிலரின் இடுப்பில் கீச்சிடும். இவற்றைச் செய்யும் பெரிய கொம்பனிகள் உலகத்தில் ஒரு கை விரலுக்கு அடங்கும். கொழும்புக்கு வருவதும் சென்னைக்கு வருவதும் பெரும்பாலும் அவர்களுடைய பெட்டிகள்தான்.

விலை கூடியதே சிறந்தது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியவர்களுக்கு முழு மூட்டை மாற்றுவதா, தலையை மட்டும் மாற்றுவதா என்று பத்து நாடுகளில் 1,495 பேரிடம் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டோர் முழு மூட்டில் 7.9 சதவீதம், பாதி மூட்டில் 8.3 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. 2022இல் பிரித்தானியாவில் வெளியான இன்னோர் ஆய்வு, பாதி மூட்டைச் சீமெந்து வைத்துப் பொருத்தியவர்களே, சீமெந்தில்லாத நவீன தண்டு வைத்தவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்டியது. எங்கள் வைத்தியசாலையில் சீமெந்து குழைப்பதைப் பழசு என்று முகம் சுழிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

புதிது என்று ஓடுவதன் விலையை இந்தியா நேரடியாகக் கண்டது. உலோகத் தலை, உலோகக் கிண்ணம் என்று டிபுய் கொம்பனி விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டு உரசி, கோபாற்றும் குரோமியமும் இரத்தத்தில் கலந்து, சுற்றியுள்ள தசையும் எலும்பும் பாழாயின. அவுஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு ஆபத்தைக் காட்டிக்கொடுக்க, அந்த நாட்டில் 2009 டிசம்பரிலேயே அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது 2010 ஓகஸ்டில். இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் மத்திய அரசு அமைத்த அருண் அகர்வால் குழு ஆராய்ந்தபோது, அவர்களில் 3,600 பேர்வரை எங்கே என்றே தெரியவில்லை. குழு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 இலட்சம் இந்திய ரூபா இழப்பீடு என்றது. யாருக்குக் கொடுப்பது? பணம் கொடுத்து, சிகிச்சை பெற்று, ஊர் திரும்பியபின் நோயாளரை வைத்தியசாலையோடு கட்டிவைக்க ஒரு கயிறும் இருக்கவில்லை.

இதைச் சொன்னால், உங்களிடம் மட்டும் பதிவேடு இருக்கிறதா என்று கேட்பார்கள். சுவீடன் 1979இல் தொடங்கியதைப் போன்ற ஒன்று இங்கும் இல்லை, உண்மைதான். 2022 நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது இந்தியக் கடனுதவி வரிசையில் நின்றவர்கள் நாங்கள். மூட்டை வாங்கித்தரச் சொல்லிக் குடும்பத்தின் கையில் துண்டு கொடுப்பதும், தேய்ந்த மூட்டுக்காரர் முறை வரும்வரை காத்திருப்பதும் மறைக்கக்கூடிய சங்கதிகள் அல்ல. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொடுக்கிறது. முகாமில் இருக்கும் எங்கள் அகதிகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் தீவகத்திலிருந்து போகிறவர் அந்த வரிசைக்குள் போவதில்லை. தரகரின் காரில் தனியார் மருத்துவமனை வாசலில்தான் இறங்குகிறார். முழங்கால் மூட்டுக்கு 2017இல் உச்சவிலை நிர்ணயித்து 69 சதவீதம்வரை குறைக்கவேண்டிவந்ததே, அந்தச் சந்தையில் இலாபம் எவ்வளவு ஏறியிருந்தது என்பதற்குச் சாட்சி. இடுப்பு மூட்டு அந்த ஆணைக்குள் வரவில்லை.

சாமானைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் வரும் மாதங்கள். பின்புறமாகத் திறந்து பொருத்திய மூட்டு, இடுப்பை நன்றாக மடித்து முழங்காலை உட்பக்கம் திருப்பும்போதுதான் நழுவும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர் செய்வது அச்சொட்டாக அதைத்தான்: ஆடும் விளிம்பில் ஒரு கால், கரையில் ஒரு கால், பிறகு குனிந்து உள்ளே இறங்கி, தாழ்ந்த பலகையில் குந்துதல். நயினாதீவுக்காரருக்கும் இதே பாடு. ஊர்காவற்றுறைக்காரர் பண்ணைப் பாலத்தால் வாகனத்தில் வந்துவிடலாம், அவருக்குக் குந்து மலசலகூடம் ஒன்றுதான் கவலை. எந்தக் காலை முதலில் வைப்பது, யார் இடுப்பைப் பிடிப்பது, முதல் ஆறு கிழமைக்கு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கலாமா என்றெல்லாம் விசாரித்து அனுப்ப, அந்தப் படகைத் தெரிந்த தாதியும் இயன்மருத்துவரும் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் குறிகட்டுவான் இல்லை. எலும்பு முறிந்தவருக்கோ நேரமும் எதிரி. கூடியவரை மறுநாளுக்குள் சத்திரசிகிச்சை நடப்பதே நல்லது என்றிருக்கும்போது, விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் காத்திருந்து நாட்களைக் கரைப்பது நெஞ்சுச் சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் வழிவிடுவதாகும்.

எங்கே செய்தாலும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கவேண்டும். மூட்டு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் கொம்பனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்றைச் சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்றை நோயாளரின் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லவேண்டும். பதினைந்து வருடம் கழித்துக் கிண்ணம் தேய்ந்து திரும்ப வரும்போது, உள்ளே இருக்கும் தண்டு எந்தக் கொம்பனியின் எந்த வகை என்று தெரிந்தால்தான் அதன்மேல் பொருந்தக்கூடிய புதுத் தலையை முன்கூட்டியே வரவழைக்க முடியும். தெரியாவிட்டால், அசையாமல் இறுகியிருக்கும் நல்ல தண்டையும் எலும்பை உடைத்துக் கழற்ற நேரலாம். அந்த வேலை அநேகமாக யாழ்ப்பாணத்தில்தான் நடக்கும்.